நான் ஃபேமிலி, இவர் ஃபாக்டரி

போன வாரம் நம் பழைய கம்பெனிப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு போட்டோ போட்டிருந்தார். பார்த்திருப்பீர்கள். தி.நகரில் முதலாளி வீட்டுப் போர்டிகோ. நடுவில் கழுத்து மறைய ரோஜா மாலையுடன் ஒரு வெள்ளைக்காரர். ஓரத்தில் தோள் வெட்டுப்பட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண். கீழே, 'நம் ஜெர்மன் முதலாளியும் அவருடைய ஃபேமிலியும்' என்று எழுதியிருந்தது. உடனே நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கைகூப்பினீர்கள். 'அது பொற்காலம்' என்று ஒருவர் கண்ணீர் வேறு விட்டிருந்தார்.

பொற்காலமாவது மண்ணாங்கட்டியாவது. அறுபதைத் தாண்டிவிட்டோம். இனியும் தப்பான ஆளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி? நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அப்பாக்களும் வருவார்கள், என் அப்பாவும் வருவார். யாரையும் விடுவதாக இல்லை. பிடிக்காதவர்கள் குழுவை விட்டுப் போகலாம், எனக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் புரியட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பூட்டு செய்துகொண்டிருந்தது. பீரோ பூட்டு, மேஜை இழுப்பறைப் பூட்டு, கதவுப் பூட்டு. அந்தக் குடும்பத்து முத்திரையைப் போட்டுக்கொள்ள உரிமை வாங்கி நம் முதலாளி கிண்டியில் ஃபாக்டரி நடத்தினார். முத்திரை இருந்தால் கடைக்காரன் கேட்டு வாங்குவான், இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. ஒப்பந்தம் முடிகிற சமயம். மறுபடி எழுதித் தரலாமா, வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய அந்தக் குடும்பத்தின் வாரிசே வருவதாகச் சொன்னார்கள். அப்பா அங்கே வொர்க்ஸ் மேனேஜர். அடையாறில் நாங்கள் குடியிருந்தது கம்பெனி வீடு. கையெழுத்து விழாவிட்டால் ஃபாக்டரி இல்லை, வீடும் இல்லை. இதெல்லாம் பத்து வயதில் எனக்கு மனப்பாடம். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

'வாரிசு வருகிறார்' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தமிழில் 'வருகிறார்' என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஆனால் வாரிசு என்ற சொல்லைக் கேட்டதுமே நம் பெரியவர்கள் மனதில் மீசை முளைத்துவிட்டது.

மீனம்பாக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கான்வென்டில் படிப்பதால் ஆங்கிலம் பேசுவேன், பூச்செண்டு கொடுக்க ஒரு குழந்தை வேண்டும், இரண்டுக்கும் ஆளாக என்னைக் கொண்டுபோனார்கள். காலாண்டு லீவு. மழைக்கு முந்தின புழுக்கம். பட்டுப்பாவாடை இடுப்பில் அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், தலை வழுக்கை, சட்டைப் பையில் மூன்று பேனா. அவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்காது. சாம்பல் நிற கவுன், கையில் ஒரு தோல் பை. முதலாளி பாய்ந்துபோய் அவர் கழுத்தில் மாலையைப் போட்டார். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் ஃபேமிலி. இவர் ஃபாக்டரி."

அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. அவள் ஊர் ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம், அந்தக் குடும்பத்துக்காரி நான், இவர் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் என்ஜினியர் என்பது. நம் ஊர் ஆங்கிலம் எது? ஆபீஸில் ஒருவர் 'ஃபேமிலிக்கு உடம்பு சரியில்லை' என்று லீவு கேட்டால் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். 'ஃபேமிலி ஊருக்குப் போயிருக்கு' என்றால் அவர் ஓட்டலில் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். பெண்டாட்டி என்று சொல்ல நம் ஆண்களுக்கு நாக்கு கூசும். ஆகவே அவள் சொன்னது நம்மவர்கள் காதில் எப்படி விழுந்தது? நான் இவருடைய பெண்டாட்டி, ஃபாக்டரி இவருடையது.

முதலாளி தெற்கத்திக்காரர். அப்பா பக்கம் திரும்பி, "ஃபேமிலியயும் கூட்டிட்டு வந்திருக்காகல்லா. நல்லதாப் போச்சு. அவுகள நம்ம வீட்டுப் பொம்பளையாள்க கிட்ட விட்டுருங்க" என்றார். அப்பா தலையாட்டினார். அப்பாவுக்கு அது கைவந்த கலை.

அவர்கள் தங்கிய கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் எங்கள் வீட்டுக்கு அடுத்ததுதான். காலையில் ஒரு கார் வந்து என்ஜினியரைக் கிண்டிக்கு ஏற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போகும். துணைக்கு நானும் அம்மாவும். என்ஜினியருக்கு ஆங்கிலம் அரைகுறை. யார் என்ன கேட்டாலும் "யா, யா" என்பார். 'நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்' என்று முதலாளி சொன்னபோதும் அவர் "யா, யா" என்றார். அதை எங்கள் பெரியவர்கள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஊர்ப்பட்ட தாம்பூலம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துண்டு. ஊதா, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம். ஒவ்வொரு வீட்டிலும் அவளை மணையில் உட்காரவைத்துப் பாடச் சொல்வார்கள். அவள் ஒரு ஜெர்மன் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடினாள். என்ன பாட்டு என்று கேட்டேன். பூட்டுப் பட்டறைக்காரர்கள் குடித்துவிட்டுப் பாடுவது என்றாள். அதைக் கேட்டு மயிலாப்பூரில் ஒரு மாமி, "என்ன பக்தி பாவம்" என்று உருகினாள்.

கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் ஒரு நாள் அம்மாவிடம் ரகசியமாக வந்து, "ரெண்டு பேரும் ரெண்டு ரூம்ல படுத்துக்கறாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஊராக இருந்தால் இவர்கள் புருஷன் பெண்டாட்டி இல்லையோ என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கும். எங்கள் ஊரில் தோன்றவில்லை. வயது வித்தியாசம் ஜாஸ்தி, அதனால் மனஸ்தாபம் என்று முடிவு கட்டினார்கள். முதலாளியின் மனைவி அவளைக் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போய் அம்பாள் சந்நிதியில் தம்பதி ஒற்றுமைக்கு அர்ச்சனை செய்தாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். அவள் விழித்தாள். நானே அசுவினி என்று சொல்லிவிட்டேன். வாசலில் வந்து அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். "எல்லாம் நல்லபடியா நடக்க" என்றேன். பொய்யில்லையே.

அடுத்தது முதலாளி வீட்டுக் கொலு. அங்கே நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் அதுதான் எங்களுக்குச் சோறு போட்ட பானையை உடைத்தது. முதலாளியின் மனைவி வெள்ளித் தட்டு எடுக்க ஸ்டோர் ரூமைத் திறந்தாள். கதவில் தொங்கியது பெரிய மாங்காய்ப் பூட்டு, திண்டுக்கல் சரக்கு. ஜெர்மன்காரி நின்றுவிட்டாள். கையை நீட்டி அந்தப் பூட்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். சாவியைப் போட்டு இரண்டு தரம் திருகினாள், காதருகே கொண்டுபோய்க் கேட்டாள். பிறகு என்னிடம், "ஏன் எங்கள் பூட்டு இல்லை என்று கேள்" என்றாள். கேட்டேன்.

முதலாளியின் மனைவி கள்ளம் கபடம் இல்லாதவள். சிரித்துக்கொண்டே, "அது விக்கிறதுக்கும்மா. இது வீட்டுக்கு" என்றாள்.

அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ஜெர்மன் முத்திரைக்குக் கீழே நம்மவர்கள் தகட்டைச் சன்னமாக்கி, உள்ளே ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்து, ஒரு கொண்டை ஊசிக்குத் திறக்கிற பூட்டைத்தான் ஊருக்கெல்லாம் விற்றார்கள் என்பது நம் எல்லா வீட்டுக்கும் தெரியும். உங்கள் வீட்டு பீரோவில் என்ன பூட்டு இருந்தது? சும்மா நினைத்துப் பாருங்கள்.

ஆயுத பூஜை வந்தது. மற்ற வருஷங்களில் நாம் எல்லாரும் கிண்டிக்குப் போய், சந்தனம் பூசிய மெஷின்களுக்கு நடுவில் பொரியும் கடலையும் சாப்பிட்டு, எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து வருவோம். அந்த வருஷம் துரை முன்னால் கூட்டம் வேண்டாம் என்று வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்ஜினியருக்குப் பரிவட்டம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, தகடு வெட்டுகிற பெரிய பிரஸ் மெஷினை அவர் கையால் ஓட்டிவைத்தார்களாம். அவள் காலையிலேயே புறப்பட்டுத் தயாராக நின்றாள். டிரைவர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"இன்னா பாப்பா, இந்தம்மா என்னியப் பாத்து ஃபாக்டரி ஃபாக்டரின்னுகினே கீது. மொதலாளி பீச்சாண்ட இட்டுகினு போவ சொல்லிக்கீறாரு. நான் இன்னா பண்றது?"

"பீச்சுக்கே போங்க" என்றாள் அம்மா. ஆயுத பூஜை அன்று அவளைத் தனியாக உட்காரவைக்க அம்மாவுக்கு மனசில்லை. என்னையும் கூட அனுப்பினாள்.

எலியட்ஸ் பீச்சில் அப்போது ஈ காக்கை கிடையாது. சுட்ட சோளமும் கருவாட்டு நாற்றமும் கலந்து வரும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க ஹஸ்பெண்ட் மட்டும் ஃபாக்டரிக்குப் போயிருக்காரே, உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டேன்.

"யார்?"

"உங்க ஹஸ்பெண்ட்."

தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றாள். அந்த மனிதர் தன் அப்பாவின் ஃபாக்டரியில் என்ஜினியர், ஊரில் அவருக்குப் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாள். நான் அவளுக்கு நம் ஊரில் ஃபேமிலி என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அர்ச்சனை எதற்கு என்பதையும் சொன்னேன். மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் தன்னைப் பற்றிச் சொன்னாள். அவள் பிறந்த வீட்டுக்கும் ஃபாக்டரிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ராத்திரி முழுக்க பிரஸ் அடிக்கிற சத்தத்தில்தான் தூங்குவாளாம், ஞாயிற்றுக்கிழமை சத்தம் இல்லாமல் தூக்கம் வராதாம். பிறந்த நாள் பரிசு எப்போதும் ஒரு பூட்டு, சாவி இல்லாமல். அவளே கம்பி வைத்துத் திறக்கவேண்டும். எல்லாவற்றையும் திறந்திருக்கிறாள். ஆனாலும் ஃபாக்டரிக்குள்ளே விடமாட்டார்கள். சித்தப்பா பையனுக்குப் பூட்டும் தெரியாது, சாவியும் தெரியாது, அவனைத்தான் சின்ன வயதிலிருந்து கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார்கள். அவன் வேண்டாம் என்று வேறு ஊருக்குப் போனபிறகுதான் அவள் நினைவு அப்பாவுக்கு வந்தது. இந்தப் பயணம் அவளுக்கு முதல் பரீட்சை. இதிலே கோட்டை விட்டால் கம்பெனியை விற்றுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளைத் தனியாக விட மனமில்லாமல் என்ஜினியரைக் கூடச் சேர்த்ததும் அவர்தான்.

நம் ஊர் ஆண்களைத்தான் திட்டவேண்டும் என்று இல்லை. ஜெர்மனியில் மட்டும் என்ன வாழ்ந்தது?

சாயங்காலம் அப்பா நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவள்தான் வாரிசு, அவர் வெறும் என்ஜினியர், கையெழுத்துப் போடப்போவது அவள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மக்கு. பெரியவா விஷயத்துல மூக்கை நுழைக்காதே. ஆம்படையான் மேல கோச்சுண்டு அப்படிச் சொல்லியிருப்பா. வெள்ளைக்காராளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா?"

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "ரெண்டு ரூம் விஷயம் இப்பதான் எனக்கு விளங்கறது. குழந்தை சொல்றது சரியா இருக்கும். அவளையே ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன்."

"கேட்டு? அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது? நீயும் சேர்ந்துண்டு உளறாதே."

முடிந்தது. நூறு பேருக்கு வேலை சொல்லும் மனிதர், ஒரு வரி கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்பட்டார். பெண்டாட்டியும் பெண்ணும் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் தன் மானம் போய்விடும் என்று பயம். அந்த மானத்தை வைத்து என்ன செய்தார் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மா அதோடு விடவில்லை. மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனாள். "எங்க வீடே இதுல இருக்கு. ஒரு தரம் ஃபாக்டரியைப் பார்த்துட்டு முடிவு பண்ணுன்னு சொல்லுடி" என்றாள். சொன்னேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள். அன்றே முதலாளிக்குப் போன் போட்டு ஃபாக்டரியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். அவர் பதறிப்போய், "அங்கெல்லாம் ஒரே அழுக்கும்மா, புழுதி. உங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லி, பட்டுக்கடைக்கு வண்டி அனுப்பினார். மறுபடி கேட்டாள். மகாபலிபுரத்துக்கு வண்டி வந்தது. மூன்றாம் தரம் கேட்டபோது முதலாளி அப்பாவிடம், "துரைகிட்டச் சொல்லி ஃபேமிலிய கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க" என்றாராம். அப்பா இதை ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தமாஷாகச் சொல்லிச் சிரித்தார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள்.

அந்த ஜெர்மன்காரியையும் நான் நல்லவள் என்று சொல்லமாட்டேன். முதல் நாள் புரியாமல் இருந்தாள், சரி. பீச்சுக்கு அப்புறம் எல்லாம் தெரிந்துவிட்டதே. நான்தான் முதலாளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பளம் விரித்துக் கூட்டிப் போயிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "முதல் நாளே சொல்லிவிட்டேனே. எத்தனை தரம் சொல்லவேண்டும்?" என்றாள். ஊரில் தன் அப்பாவிடம் சொல்லவேண்டிய கோபத்தை இங்கே எங்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தாள். பிரஸ்ஸில் விரல் போனவர்கள் இருந்தார்கள் அந்த ஃபாக்டரியில். அவர்களில் ஒருவரையும் அவள் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தாள், அது போதும் என்று விட்டுவிட்டாள். முதலாளி எந்த ஊராக இருந்தாலும் முதலாளிதான்.

அவர்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் முதலாளி வீட்டு ஹாலில் கையெழுத்து விழா. வெளியே மழை தொடங்கிவிட்டது. பாண்டி பஜாரிலிருந்து வந்த ஸ்வீட் பெட்டிகள், ரோஜா இதழ், ஊதுபத்தி, வக்கீல், பேங்க் மேனேஜர். பெண்கள் எல்லாம் உள்ளே ஊஞ்சல் பக்கம். அவளும் அங்கேதான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூண் ஓரத்திலிருந்து நான் பார்த்தேன். முதலாளி பேனாவின் மூடியைத் தானே கழற்றி, இரண்டு கையாலும் என்ஜினியரிடம் நீட்டினார்.

என்ஜினியர் பேனாவைப் பார்த்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து 'யா' தவிர வேறு சொல் வந்தது.

"நான் இல்லை. மேடம்."

அவள் எழுந்து வந்தாள். முதலாளி இன்னும் புரியாமல், ஃபேமிலி சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறாள் என்று நினைத்து நாற்காலியை நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. பத்திரத்தை மடித்தாள்.

"ஃபாக்டரியைப் பார்க்க மூன்று தரம் கேட்டேன். புடவை வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் நல்ல பூட்டுத் தொங்குகிறது. அது எங்களுடையது இல்லை. எங்கள் பெயர் போட்ட பூட்டை நீங்களே நம்பவில்லை, நான் எப்படி நம்புவது?"

பத்திரத்தை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டு அவள் மழையில் இறங்கி காருக்குப் போனாள். என்ஜினியர் ஒரு லட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். முதலாளி அப்பாவைப் பார்த்து, "என்னய்யா இது?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒரு மன்னிப்பு இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. உள்ளே போ என்று கண்ணைக் காட்டினார்.

கெஸ்ட் ஹவுஸ் அலமாரியில் அவள் விட்டுப்போன ரவிக்கைத் துண்டுகள் ஒரு மூட்டை இருந்தன. அம்மா அவற்றை ஒட்டுப்போட்டு எனக்குப் பாவாடைகள் தைத்தாள். ஃபாக்டரி முத்திரை இல்லாமல் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்து மூடப்பட்டது. அதெல்லாம் உங்களுக்கும் தெரியும், உங்கள் வீட்டிலும் அடுப்பு அணைந்த கதைதானே. நாங்கள் அடையாறு வீட்டைக் காலி செய்து அசோக் நகரில் ஒரு போர்ஷனுக்கு வந்தோம். அப்பா அங்கே ஒரு ஹார்ட்வேர் கடை வைத்தார். ஆணி, கீல், பெயின்ட், பூட்டு.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். எப்படித் தெரியுமா? "அந்த ஜெர்மன்காரன் தங்கமான மனுஷன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டான். பொண்டாட்டி குறுக்கே வந்து கெடுத்துட்டா." கண்ணெதிரே நடந்ததை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரும் அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டது. உங்கள் வீடுகளிலும் அதே கதைதான் ஓடியிருக்கிறது, போன வாரம்தான் பார்த்தேனே.

அப்பாவுக்கு நான் ஒரே பெண். கல்யாணமான பிறகும் கடையில் நான்தான் உட்கார்ந்தேன். கல்லா, சரக்கு, கடன் வசூல், வரி, எல்லாம் நான். அப்பாவுக்குக் கண் மங்கியதும் கடையே நான்தான் என்று அக்கம் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். என் கணவர் பேங்கில் வேலை. திருப்புளிக்கும் சுத்திக்கும் வித்தியாசம் தெரியாது, தெரியவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதும் இல்லை.

உடம்பு தளர்ந்ததும் ஒரு நாள் அப்பா ஆட்டோ பிடித்து எங்கள் இரண்டு பேரையும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கடையை மாப்பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தார். என்னிடம் முன்னால் ஒரு வார்த்தை இல்லை. என் கணவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "மாமா, நன்னா யோசிச்சேளா?" என்று மரியாதைக்குக் கேட்டார். அப்பா, "பொறுப்பான கையில ஒப்படைச்சாச்சு, இனிமே நிம்மதி" என்றார். குமாஸ்தா இரண்டு சாட்சி வேண்டும் என்றார், ஒருவர்தான் வந்திருந்தார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். இரண்டாவது சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.